வீட்டுத் தோட்டம்: காய் நிறைய, சாறு எங்கே?



நோன்பு மாதம் நெருங்கினால் எலுமிச்சையின் விலை ஏறுவதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். கோடையும் நோன்பும் ஒன்றாக வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கொல்லையில் ஓர் எலுமிச்சை மரம் நிற்கும் வீட்டார் அந்நாட்களில் தாமும் அனுபவித்து, அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்து மகிழ்வர். ஆனால், மரம் நிறையக் காய்த்தும் பிழிந்தால் சாறு வராத வீடுகளும் உண்டு. தோல் தடித்து, உள்ளே சக்கையாகி, கையில் எடுத்தால் பஞ்சுபோல் கனமின்றி இருக்கும். “மரம் கெட்டுவிட்டது, வெட்டிவிடலாம்” என்பதே அப்போது பலரும் எடுக்கும் முடிவு. அந்த முடிவுக்கு வருமுன் பார்க்க வேண்டியவை பல உள்ளன. அவற்றையே இம்மாதம் எழுத எண்ணுகின்றேன்.

பெருநாள் வரை தவணை

2022ஆம் ஆண்டு நோன்பு ஏப்ரல் மாதத்தில் வந்தது. கடலோர ஊரில் வசிக்கும் என் ராத்தாவின் வீட்டுக்கு ஒருநாள் நோன்பு திறக்கச் சென்றிருந்தேன். அந்த வீட்டுக் கொல்லையில் ராத்தாவின் மாமியார் 2004ஆம் ஆண்டில் விதை போட்டு வளர்த்த எலுமிச்சை மரம் ஒன்று இருக்கின்றது. ஒரு காலத்தில் அந்தத் தெரு முழுவதற்கும் நோன்புக்காலச் சர்பத்துக்குப் பழம் கொடுத்த மரம் அது. அன்று சர்பத் வந்தது. ஆனால் பழம் கடையில் வாங்கியது.

“தம்பி, பெருநாள் கழிந்ததும் மரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காருக்குக் கொட்டகை போடலாம் என்று உங்கள் மச்சான் சொல்லுகிறார்கள். நாலு வருடமாக ஒரு பழத்திலும் சாறு இல்லை. மாமியிடம்தான் இன்னும் சொல்லவில்லை” என்றார் ராத்தா.

மாமிக்குக் கண் பார்வை போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. நான் மரத்தடியிலிருந்து இரண்டு காய்களைப் பறித்துவந்து அவர் கையில் வைத்தேன். அவர் அவற்றை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். மேலே லேசாக எறிந்து பிடித்தார்.

“இதில் என்ன இருக்கிறது வாப்பா? பஞ்சு” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் மச்சானிடம் இரண்டு ஆண்டு தவணை கேட்டேன். “இரண்டு வருடமா?” என்று அவர் வியந்தார். காரணம் உண்டு. மரத்தில் ஏற்கெனவே பிடித்துவிட்ட காயை எந்த மருந்தாலும் சரிசெய்ய முடியாது. மண்ணைத் திருத்தினால் அடுத்த தளிர் திருந்தும். அந்தத் தளிர் முற்றிய இலையாகி உணவு சமைத்தால் அதற்குப் பின்வரும் பூவும் காயும் திருந்தும். எலுமிச்சை பூத்துப் பழுக்கவே ஐந்து முதல் ஆறு மாதங்கள் ஆகும். ஆகவே பொறுமையில்லாதவர் மரத்துக்கு மருத்துவம் பார்க்க இயலாது. மச்சான் அரைமனத்துடன் இசைந்தார்.

முதலில் பழத்தை அறுத்துப் பாருங்கள்

நோயாளியின் நாடியைப் பார்ப்பதுபோல, குறையுள்ள மரத்தின் பழத்தைக் குறுக்கே அறுத்துப் பார்க்க வேண்டும். ஒரு பழம் போதாது. மரத்தின் நான்கு புறமும் ஐந்தாறு பழங்களாகப் பறித்து அறுங்கள்.

தோல் தடித்து, சாறு குறைந்து, நடுவில் பொந்து விழுந்திருந்தால் தழைச்சத்து மிகுந்து மணிச்சத்து குறைந்திருக்கலாம். யூரியாவையோ கோழி எருவையோ அளவின்றிப் போடும் வீடுகளில் இதைக் காணலாம். ஒட்டோ நாற்றோ, மரம் காய்க்கத் தொடங்கிய முதல் இரண்டொரு ஆண்டுகளிலும் தோல் தடிப்பாகத்தான் இருக்கும். அது நோயன்று. இளமை. அத்தகைய மரத்துக்குச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, காத்திருப்பதைத் தவிர.

சுளையின் முத்துகள் வெளுத்து, கெட்டியாகி, அரிசிபோல் உலர்ந்திருந்தால், பழத்தைப் பறிக்காமல் மரத்திலேயே நெடுநாள் விட்டுவைத்ததே பெரும்பாலும் காரணமாகும். சாத்துக்குடியிலும் கமலாவிலும் இது அதிகம். பெரிய பழங்களையும், மிகுந்த செழிப்புடன் வளரும் இள மரங்களையும் இக்குறை எளிதில் பிடிக்கும்.

பழம் சிறுத்து, தோல் மட்டும் மெல்லியதாக இருந்தால் சாம்பல் சத்துக் குறைவை ஐயுறலாம். பழம் சிறுத்துத் தோலும் தடித்திருந்தால் துத்தநாகக் குறைவை ஐயுற வேண்டும். தோலின் உட்புற வெண்மையில் பழுப்பு நிறப் பிசின் கட்டி, காய் கல்லாக இறுகி, உருக்குலைந்திருந்தால் அது போரான் சத்துக் குறைவின் அடையாளம். வெடித்த பழங்கள் கிடந்தால் நீர் பாய்ச்சுவதில் ஒழுங்கில்லை என்று பொருள். பல நாள் காயப்போட்டுவிட்டு ஒரேயடியாகத் தண்ணீர் கட்டினாலும், நீண்ட வறட்சிக்குப்பின் பெருமழை பெய்தாலும், உள்ளே சுளை பெருக்கத் தோல் ஈடுகொடுக்க முடியாமல் பிளந்துவிடும்.

ராத்தா வீட்டுப் பழங்கள் சிறுத்திருந்தன. தோல் தடித்திருந்தது. அரைப்பழம் பிழிந்தால் ஒரு தேக்கரண்டிச் சாறுகூடத் தேறவில்லை.

அடுத்து இலை பேசும்

பழம் ஐயத்தை எழுப்பும். அதை உறுதிசெய்வது இலை. இங்கே ஒன்றை மட்டும் நினைவில் கொண்டால் போதும். குறை புதிய இலையில் தெரிகின்றதா, பழைய இலையில் தெரிகின்றதா என்று பாருங்கள்.

பழைய இலைகள் முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. பழைய இலையின் அடிப்புறத்தில் மட்டும் ஆப்பு வடிவில் பச்சை எஞ்சி, மற்ற பகுதி மஞ்சளானால் மக்னீசியக் குறைவு. புதிய இலைகள் வெளுத்து, நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சை வலைபோல் நின்றால் இரும்புச் சத்துக் குறைவு. புதிய இலைகள் சிறுத்துக் குறுகி, நெருக்கமாக மேல்நோக்கி நின்று, நரம்புகளுக்கிடையே மஞ்சள் திட்டுகள் தோன்றினால் துத்தநாகக் குறைவு. பழைய இலைகளின் நுனியும் விளிம்பும் தீய்ந்ததுபோல் கருகியிருந்தால் உப்பு.

ராத்தா வீட்டு மரத்தில் கடைசி இரண்டும் சேர்ந்தே இருந்தன. தளிர்கள் குறுகி மஞ்சள் பூத்திருந்தன. பழைய இலைகளின் நுனி கருகியிருந்தது. “நான்கு ஆண்டுகளாகத்தானே சாறு இல்லை? நான்கு ஆண்டுகளுக்குமுன் வீட்டில் என்ன நடந்தது?” என்று கேட்டேன். ராத்தா சற்று யோசித்து, “2018இல் பின்கட்டை இடித்துக் கட்டினோமே” என்றார். அதில்தான் எல்லாம் இருந்தது.

மண்ணின் கதை

பின்கட்டு கட்டியபோது எஞ்சிய பழைய சுவரின் சுண்ணாம்புக் காரை, சிமென்ட் கட்டி, உடைந்த செங்கல் ஆகியவற்றையெல்லாம் மரத்தைச் சுற்றிப் பரப்பி, மேலே மணல் போட்டுச் சமப்படுத்திவிட்டார்கள். அதன்மேல் அடிமரத்திலிருந்து ஒரு சாண் மட்டும் விட்டுத் தளக்கல் பதித்துவிட்டார்கள். முற்றம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் எலுமிச்சையின் உணவுறிஞ்சும் வேர்கள் ஆழத்தில் இல்லை. அவற்றில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டடிக்குள்ளேயே படர்கின்றது. கிளைகள் விரிந்த அளவுக்கு வேரும் விரிகின்றது. தளக்கல்லுக்குக் கீழே மூச்சுமின்றி, நீருமின்றி அவ்வேர்கள் கிடந்தன.

சுண்ணாம்புக் கழிவு செய்த தீங்கு வேறு. எலுமிச்சை இனம் சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணையோ நடுநிலையான மண்ணையோ விரும்புவது. மண்ணில் சுண்ணாம்பு மிகுந்து காரத்தன்மை ஏறினால், துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் பூட்டப்பட்டுவிடும். பெட்டியில் பணமிருந்தும் சாவி இல்லாதவர் நிலைதான் மரத்துக்கும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. மரத்தடி மண்ணை உலர்த்திப் பொடியாக்கி ஒரு தேக்கரண்டி எடுத்து, அதன்மேல் சிறிது வினிகரை விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மிகுதி. அன்று வினிகர் இல்லாமையால், கடையில் வாங்கிய எலுமிச்சம்பழத்தையே பிழிந்து விட்டோம். மண் சீறி நுரைத்தது. அருகில் நின்ற மச்சான் அப்போதுதான் குனிந்து பார்த்தார்.

நீரின் கதை

அடுத்து உப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினோம். சமையலறையில் குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி ஒன்று மாட்டியிருந்தார்கள். அதிலிருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், குழாய் போட்டு மரத்தடியில் விட்டிருந்தார்கள். சகோதரிகளே, இந்த நல்லெண்ணம் இன்று பல வீடுகளில் மரங்களை வாட்டுகின்றது. அக்கருவி தண்ணீரிலுள்ள உப்பைப் பிரித்துக் கழிவு நீரில் சேர்த்தே வெளியேற்றுகின்றது. கடலோர ஊர்களின் நிலத்தடி நீர் ஏற்கெனவே உப்பு. அதன் கழிவு இன்னும் உப்பு. எலுமிச்சை இனமோ உப்பைத் தாங்காத இனம். அந்நீரைத் தரை துடைக்கவும் கழிப்பறை கழுவவும் பயன்படுத்துங்கள். மரத்துக்கு வேண்டாம். சோப்புத் தூள் கலந்த துணி துவைத்த நீரும், உப்பும் மஞ்சளும் போட்டு இறைச்சி, மீன் கழுவிய நீரும் அவ்வாறே.

மாறாக, ஒளுச் செய்த நீர் மரத்துக்கு ஏற்றது. அதில் சோப்பும் இல்லை, உப்பும் சேர்வதில்லை. ஐந்து வேளையும் பலர் ஒளுச் செய்யும் வீட்டில் அந்நீரின் அளவு சிறிதன்று. வீட்டுக் குழாய் நீரே உப்பாக இருந்தால் மழைநீர்தான் மருந்து. கூரையிலிருந்து இறங்கும் மழைநீரை மரத்தடிக்குத் திருப்பினால், மண்ணில் தேங்கிய உப்பை அது கீழே கழுவிக்கொண்டு போய்விடும். வடிகால் உள்ள மண்ணாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

தண்ணீர் பாய்ச்சும் முறையும் முக்கியம். நாள்தோறும் ஒரு குவளை ஊற்றுவது மேல்மண்ணை நனைக்குமேயன்றி வேரைச் சென்றடையாது. சில நாட்களுக்கு ஒருமுறை, ஒன்றரை அடி ஆழம் நனையும்வரை விட வேண்டும். பாய்ச்சியபின் ஓர் இரும்புக் கம்பியைக் குத்திப் பாருங்கள். நனைந்த ஆழம் வரை அது எளிதாக இறங்கும். மேல்மண் மூன்று நான்கு விரற்கடை உலர்ந்தபின் அடுத்த நீர். மணற்பாங்கான மண்ணில் இது விரைவில் உலரும், களிமண்ணில் தாமதமாகும். பூத்தது முதல் காய் முற்றும்வரை இவ்வொழுங்கு குலையக் கூடாது.

நாங்கள் செய்தவை

பெருநாள் கழிந்த வாரம் ஆட்களை அழைத்தோம். கொட்டகை போட வந்தவர்கள் தளக்கல்லைப் பெயர்த்தார்கள். அடிமரத்தைச் சுற்றி நான்கடி தூரத்துக்குக் கல்லை எடுத்துவிட்டு, வேர் அறுபடாமல் முள் கரண்டியால் கிளறிக் காரைக் கழிவை அள்ளினோம். ஏழு சாக்கு சேர்ந்தது. அவ்விடத்தில் செம்மண்ணும் நன்கு மக்கிய எருவும் கலந்து நிரப்பினோம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாங்கிக் கட்டும் ஆடுகளின் புழுக்கையை ஆண்டுதோறும் அடிமரத்தை ஒட்டிக் குவித்து வந்திருந்தார்கள். அதையும் விலக்கினோம். எருவோ மண்ணோ அடிமரத்தைத் தொட்டு ஈரமாகக் கிடந்தால் பட்டை அழுகிப் பிசின் வடியத் தொடங்கும். அந்நோய் முற்றினால் மரமே போய்விடும். எரு எப்போதும் அடிமரத்திலிருந்து இரண்டடி தள்ளி, கிளைகளின் நிழல் விழும் வட்டத்தில் இருக்க வேண்டும். நீரும் அவ்வட்டத்தில்தான் நிற்க வேண்டும். அடிமரத்தைச் சுற்றி உள்வட்டமாக ஒரு சிறு வரப்புக் கட்டிவிட்டால் தண்டு உலர்ந்தே இருக்கும்.

உர அளவில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையைப் பின்பற்றினோம். ஆறு ஆண்டுகளைக் கடந்த ஓர் எலுமிச்சை மரத்துக்கு ஆண்டொன்றுக்குத் தொழு உரம் 30 கிலோ, தழைச்சத்து 600 கிராம், மணிச்சத்து 200 கிராம், சாம்பல் சத்து 300 கிராம் வேண்டும். கடைச்சரக்காகச் சொன்னால் யூரியா ஏறத்தாழ 1 கிலோ 300 கிராம், சூப்பர் பாஸ்பேட் 1 கிலோ 250 கிராம், பொட்டாஷ் சல்பேட் 600 கிராம். யூரியாவை இரு பாதியாக்கி மார்ச்சிலும் அக்டோபரிலும் இடவேண்டும். மற்றவை யாவும் அக்டோபரில். மியூரியேட் பொட்டாஷ் மலிவுதான். எனினும் அதிலுள்ள குளோரைடு உப்பு மண்ணில் மேலும் தீங்கு செய்யுமாதலால் நாங்கள் அதைத் தவிர்த்தோம்.

துத்தநாகத்தை மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதையும் பூட்டிவிடும். ஆகவே இலைவழிதான் கொடுக்க வேண்டும். 10 லிட்டர் நீரில் 50 கிராம் துத்தநாக சல்பேட்டும், இலை கருகாதிருக்க 25 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் தனித்தனியே கரைத்துக் கலந்து, துணியில் வடிகட்டி, புதுத் தளிர் விரிந்ததும் மாலை வேளையில் தெளித்தோம். மார்ச், ஜூலை, அக்டோபர் என ஆண்டுக்கு மூன்று முறை. இரும்பு, மாங்கனீசு, போரான் குறைவும் சேர்ந்திருக்கும் வீட்டார், பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் எலுமிச்சை இனத்துக்கென்றே உருவாக்கிய நுண்ணூட்டக் கலவையை வாங்கித் தெளிக்கலாம். போரானைத் தனியாக வாங்கி மனம்போன அளவில் போடாதீர்கள். தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவான சத்து அது.

வெயிலையும் மறக்கலாகாது. இலை சமைக்கும் சர்க்கரைதான் பழத்துக்குச் செல்கின்றது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படாத மரத்தில் எந்த உரம் போட்டும் சுவையை எதிர்பார்க்க முடியாது. பக்கத்து முருங்கையின் இரண்டு கிளைகளை வெட்டி வெளிச்சத்துக்கு வழிவிட்டோம்.

தோலில் குறை, உள்ளே நலம்

சில குறைகள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் பழத்தைக் கெடுப்பதில்லை. காயிலும் இலையிலும் சொரசொரப்பான பழுப்பு நிறப் புடைப்புகளும், இலையில் அவற்றைச் சுற்றி மஞ்சள் வளையமும் தோன்றினால் அது சொறி நோய். ஒருவகை பாக்டீரியா தரும் நோய் இது. நாட்டு எலுமிச்சை இதற்கு எளிதில் ஆளாகும். சந்தையில் விலை போகாதே தவிர, சாறு கெடுவதில்லை. மழைக்காலம் தொடங்குமுன் நோயுற்ற குச்சிகளை வெட்டி எரித்துவிட்டு, லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து தெளியுங்கள். தோல் முழுவதும் துருப்பிடித்ததுபோல் பழுத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பூச்சியின் வேலை. லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகத்தைக் கடும் வெயிலில்லாத வேளையில் தெளித்தால் அடங்கும்.

இதற்கு மாறாக, பழத்தில் ஊசிமுனையளவு துளை, அதைச் சுற்றி மெத்தென்ற அழுகல், மறுநாள் உதிர்வு என்றிருந்தால் அது உள்ளே கெடுக்கும் குறை. இரவில் வந்து சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சியே காரணம். இதன் புழு எலுமிச்சையில் வளர்வதில்லை. சீந்தில் போன்ற கொடிகளைத் தின்று வளர்கின்றது. வேலியோரத்துச் சீந்தில் கொடியை அகற்றுங்கள். சாத்துக்குடி போன்ற பெரிய பழங்களைக் காகிதப் பையால் மூடிக் கட்டுங்கள். உதிர்ந்த பழங்களை அன்றாடம் பொறுக்கிப் புதையுங்கள்.

வெட்டத்தான் வேண்டிய மரம்

எல்லா மரமும் பிழைக்கும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. என் வீட்டிலேயே ஒன்றை நான் இழந்தேன். சாத்துக்குடி ஒட்டுக் கன்று ஒன்றை வாங்கி நட்டு, ஆறு ஆண்டுகள் கண்ணும் கருத்துமாக வளர்த்தேன். காய்த்தபோது தோல் கரடுமுரடாக, சாறு கடும் புளிப்பாக இருந்தது. உரத்தை மாற்றினேன். மண்ணை மாற்றினேன். நாற்றுப் பண்ணையைக் குறை சொன்னேன். ஏழாம் ஆண்டில்தான் குனிந்து அடிமரத்தைப் பார்த்தேன். ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேலே சாத்துக்குடிக் கிளை என்றோ பட்டுப்போய் ஒரு காய்ந்த முளையாக நின்றது. வளர்ந்திருந்ததெல்லாம் ஒட்டுக்கு அடியிலிருந்து கிளம்பிய ஜம்பேரி என்னும் காட்டெலுமிச்சை. அதன் தளிரிலும் மொட்டிலும் ஊதா நிறம் படர்ந்திருக்கும். சாத்துக்குடியின் பூவோ தூய வெள்ளை. ஆறு ஆண்டுகள் அந்த ஊதாப் பூவைக் கண்டு மகிழ்ந்த நான், அது சொன்ன செய்தியைக் கேட்கவில்லை. குறை பண்ணையிலும் இல்லை, மண்ணிலும் இல்லை. ஒட்டுக்குக் கீழே துளிர்த்த போத்தை முதல் ஆண்டிலேயே கிள்ளாத என் கையில் இருந்தது. ஒட்டுக் கன்று வைத்திருக்கும் சகோதரிகள் மாதம் ஒருமுறை குனிந்து பாருங்கள். ஒட்டுக்குக் கீழே எது துளிர்த்தாலும் அன்றே கிள்ளிவிடுங்கள்.

மற்றொன்று பசுமை நோய். இலையின் நடுநரம்புக்கு இருபுறமும் ஒன்றுக்கொன்று பொருந்தாத மஞ்சள் திட்டுகள், ஒருபக்கம் கோணிய சிறு பழங்கள், பழுத்தும் அடிப்பகுதி பச்சையாகவே நிற்றல், கசப்பு, உள்ளே சூம்பிய விதைகள் ஆகிய இவை யாவும் ஒருங்கே காணப்பட்டால் வேளாண்மை அலுவலரை அழைத்துக் காட்டுங்கள். சிறு பூச்சி ஒன்று பரப்பும் இந்நோய்க்கு மருந்து இல்லை. அதுதான் என்று உறுதியானால், மற்ற மரங்களைக் காப்பாற்ற அம்மரத்தை அகற்றத்தான் வேண்டும்.

பறிக்கும் வேளை

நல்ல மரத்தின் பழமும் காலமறியாமல் பறித்தால் கெடும். மாங்காயும் வாழைக்காயும் பறித்தபின் பழுக்கும். எலுமிச்சை இனத்தில் அது நடவாது. பறித்து வைத்த பச்சைக் காய் நாளடைவில் மஞ்சளாகலாம். ஆனால் சாறும் இனிப்பும் கூடுவதில்லை. எலுமிச்சையைக் கரும்பச்சை மாறி இளம்பச்சையோ மஞ்சளோ படரும்போது பறியுங்கள். சாத்துக்குடி பூத்து ஏறத்தாழ 9 மாதங்கள் ஆகவேண்டும். நம் பக்கத்து வெப்பத்தில் அது பச்சைத் தோலுடனேயே பழுத்துவிடும். இரவில் நல்ல குளிர் பட்டால்தான் தோல் நிறம் மாறும். ஆகவே நிறத்துக்காகக் காத்திருந்தால் சுளை உலர்ந்துவிடும். ஒன்றைப் பறித்து அறுத்துச் சுவைத்துப் பார்ப்பதே வழி.

மாமியின் உள்ளங்கை

ராத்தா வீட்டு மரத்தில் 2022 அக்டோபர் மழைக்குப்பின் வந்த தளிர்தான் முதன்முதலில் அகன்று, கரும்பச்சையாக விரிந்தது. 2023 கோடையில் காய்த்தவை சுமாராகத்தான் இருந்தன. “ஒரு வருடம் போய்விட்டது” என்று மச்சான் நினைவூட்டினார். கொட்டகைக்கு வாங்கிய இரும்புக் குழாய்கள் சுவரோரம் சாத்தியபடியே கிடந்தன.

2024ஆம் ஆண்டு நோன்பு மார்ச் மாதத்தில் தொடங்கியது. இரண்டாம் நோன்பன்று ராத்தா தொலைபேசியில் அழைத்தார். நான் சென்றேன். மரத்தடியில் ஒளு நீர் பாயும் சிறு வாய்க்கால் ஈரமாக இருந்தது. ஐந்து பழங்களைப் பறித்து மாமியின் கையில் வைத்தேன். அவர் வழக்கம்போல் ஒன்றை உள்ளங்கையில் உருட்டினார். லேசாக எறிந்து பிடித்தார். பிறகு அதை மூக்கினருகே கொண்டுசென்று, நகத்தால் தோலைச் சிறிது கீறி முகர்ந்தார்.

“இது நம் மரத்துப் பழமா வாப்பா?”

“ஆமாம் மாமி.”

“கனம் இருக்கிறதே!” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தப் பழத்தை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டார்.

எந்தக் கருவியும் தேவையில்லை சகோதரிகளே. அளவுக்கேற்ற கனம் இருந்தால் உள்ளே சாறு இருக்கின்றது. மாமியின் உள்ளங்கை சொல்லிக்கொடுத்த இந்தச் சோதனையைக் கடையில் பழம் வாங்கும்போதும் நீங்கள் செய்து பார்க்கலாம்.

மணத்தையும் சுவையையும் ஒருங்கே பெற்றதென நபிமொழியில் உவமையாக வரும் உத்ருஜ்ஜா, எலுமிச்சையின் மூத்த உறவுதான். அந்த மணமும் சுவையும் நம் கொல்லையில் நிற்கும் மரத்துக்கும் இறைவன் வைத்திருக்கின்றான். வெளிப்படாமல் தடுப்பது பெரும்பாலும் நாம் கொட்டிய காரையும், நாம் விட்ட உப்பு நீரும், நாம் குவித்த எருவுமே. வாளை எடுக்குமுன் ஒருமுறை பழத்தை அறுத்து, இலையைப் புரட்டி, மண்ணைக் கிளறிப் பாருங்கள்.

கார் இப்போது தெருவில், வேப்ப மரத்து நிழலில் நிற்கின்றது. மச்சானுக்கு அதில் குறையில்லை. நோன்பு திறக்கும் வேளையில், பக்கத்து வீடுகளுக்குப் பழம் கொண்டுபோய்க் கொடுப்பவரும் இப்போது அவர்தாம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் மாதுளை வெடிப்பதற்கான காரணங்களைக் காண்போம்.